‘பிட்டர்லி’ வரும் இடமெல்லாம் கசப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், ஐரோப்பாவில் ‘கசப்பான குளிர்’ நிலவுவதாக ஒரு தலைப்பும், அதே பக்கத்தின் அடியில் இரண்டு கட்சிகள் ‘கசப்புடன் போட்டியிட்டன’ என்று ஒரு வரியும் வெளிவந்திருந்தன. இரண்டும் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை என்பதும், இரண்டிடத்திலும் மூலத்தில் ‘பிட்டர்லி’ என்னும் ஒரே வினையடை இருந்திருக்க வேண்டும் என்பதும், பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு எளிதாகவே விளங்கின. ஆனால் ஆங்கிலம் அறியாத வாசகர் ஒருவர் அந்தத் தலைப்பைப் படித்து, குளிருக்கும் நாக்குக்கும் என்ன தொடர்பு என்று திகைத்திருந்தால் குறை அவருடையது ஆகாது. மொழிபெயர்ப்பு மென்பொருள்களின் துணையோடு செய்திகள் ஆயத்தமாகும் இந்நாளில் இத்தகைய தொடர்கள் பெருகிவருவதால், இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

‘பிட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இன்று முதற்பொருள் கசப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் வேர், கடித்தலைக் குறிக்கும் ‘பைட்’ என்னும் சொல்லோடு உறவுடையது. பல் பதிவதுபோல் உறைக்கும் எதற்கும் தொடக்கத்தில் அச்சொல் பொருந்தியது. சுவை, குளிர், சொல், துயரம் ஆகிய நான்கையும் அது தொட்டுப் பேசுவதற்குக் காரணம் இதுவே. இதில் நமக்கு வியப்படைய ஒன்றுமில்லை. ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குப் பவணந்தியார் நன்னூலில் அடுக்கும் பொருள்களில் கூர்மையும் மிகுதியும் கரிப்பும் சேர்ந்தே நிற்கின்றன. உறைக்கும் சுவையிலிருந்து கூர்மைக்கும், கூர்மையிலிருந்து மிகுதிக்கும் செல்லும் பாதை இரு மொழிகளுக்கும் பழக்கமானதுதான். ஆனால் தமிழில் அந்தப் பாதையில் நடந்தவை கடி, கடு முதலிய சொற்களே தவிர, கசப்பு அன்று. கசப்பு நாவிலும் மனத்திலும் உறவிலும் தங்கிவிட்ட சொல். அளவைச் சுட்டும் வேலைக்கு அது வந்ததேயில்லை.

ஆகவே ‘பிட்டர்லி கோல்ட்’ என்பது கடுங்குளிர். அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் மார்கழியில் இருப்பவர்கள் வேறு எந்தச் சொல்லையும் தேடுவதில்லை. ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும்: ஆங்கிலத்தில் இந்த வினையடை குளிரோடு சேரும், வெப்பத்தோடு சேராது, தமிழிலோ ‘கடும்’ இரண்டுக்கும் பொது. வேலூர் வெயிலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்கள், கடும் வெயிலை ‘பிட்டர்லி ஹாட்’ ஆக்கிவிடுவதற்கு இதுவே காரணம். அதே மாணவர்கள் வேப்பம்பூப் பச்சடி ‘டேஸ்ட்ஸ் பிட்டர்லி’ என்றும் எழுதுவார்கள். அங்கே ‘டேஸ்ட்ஸ்’ என்பது பச்சடி எப்படி இருக்கிறது என்று சொல்லும் வினையாகையால், அதன் பின் ‘பிட்டர்’ என்னும் பெயரடையே வரும். கசப்பிலிருந்து பிறந்த வினையடை, உண்மையான கசப்பைச் சொல்லும் இடத்தில் மட்டும் உதவாமற்போவது ஆங்கிலத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

சிக்கல் தொடங்குவது மனத்தைப் பற்றிய இடங்களில்தான். தன் ஆண்டவரை மறுதலித்த பேதுரு வெளியே போய் அழுததைச் சொல்லும் இடத்தில், 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் ‘வெப்ட் பிட்டர்லி’ என்கிறது. மூலமான கிரேக்கச் சொல்லும் கூர்மையையும் கசப்பையும் ஒருங்கே உணர்த்துவது. நம் தமிழ் விவிலியத்திலோ அது ‘மனங்கசந்து அழுதான்’ என்று நிற்கிறது. புனித வெள்ளியை ஒட்டி வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத் தேவாலயங்களில் இவ்வரி வாசிக்கப்படும்போது எவருக்கும் அது மொழிபெயர்ப்பாகத் தோன்றுவதில்லை. ‘கசந்து அழுதான்’ என்று மட்டும் எழுதியிருந்தால் தோன்றியிருக்கும். கசந்தது எது என்று சொல்லாமல் தமிழ் விடாது. அதை உணர்ந்து ‘மனம்’ என்னும் சொல்லைச் சேர்த்தவர்களின் காது கூர்மையானது.

பேச்சுத் தமிழ் இன்னும் ஒரு படி மேலே போய், கசப்பையே விட்டுவிட்டு உடம்பில் வேறிடம் தேடுகிறது. ஆங்கிலத்தில் ஒருத்தி ‘பிட்டர்லி’ முறையிட்டால், எங்கள் பக்கத்தில் அவள் வயிறெரிந்து புலம்புகிறாள். அதே வினையடையோடு ஒருவர் வருந்தினால் அவர் தம்மையே நொந்துகொள்கிறார். ஒருவர் சிரித்தால் அது விரக்திச் சிரிப்பு. ஏமாந்தால் பெருத்த ஏமாற்றம். இவற்றுள் எதிலும் ‘கசப்புடன்’ என்பதை வைத்துப் பாருங்கள். வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், ஆனால் அப்படிப் பேசும் தமிழர் எவரையும் காட்ட இயலாது.

‘கசப்புடன் போட்டியிட்டன’ என்ற வரிக்கு வருகிறேன். இதைக் ‘கடும் போட்டி’ என்று திருத்தினால் போதும் என்று சிலர் கருதலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருவரும் சம வலிமையுடன் மோதினால் அது கடும் போட்டி. அதற்கு ஆங்கிலத்தில் ‘ஹாட்லி’ என்னும் வேறொரு வினையடை உண்டு. ‘பிட்டர்லி’ வருமிடத்தில் மோதலோடு மனத்தாங்கலும், ஒருவரையொருவர் மன்னிக்காத தன்மையும் சேர்ந்திருக்கின்றன. ‘பகைமை முற்றிய போட்டி’ என்றோ ‘வன்மத்தோடு மோதின’ என்றோ எழுதினால்தான் செய்தி முழுமையாகும்.

இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எங்கள் ஊர்க் கோட்டையே சான்று. 1806 ஜூலை 10 அன்று நிகழ்ந்த வேலூர்ப் புரட்சிக்கு முன், சென்னைப் படைச் சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக்குறி இடலாகாது, தாடியை மழிக்க வேண்டும், தோலணி பொருத்திய புதிய தலைப்பாகையைச் சூட வேண்டும் என்றெல்லாம் ஆணைகள் பிறந்தன. இவற்றைச் சிப்பாய்கள் ‘பிட்டர்லி’ எதிர்த்தார்கள் என்று ஆங்கிலத்தில் ஒருவர் எழுதினால், அதைக் ‘கடுமையாக எதிர்த்தனர்’ என்று பெயர்ப்பது பிழையாகாது. ஆயினும் வரி உயர்வை எதிர்ப்பவர்களைப் பற்றியும் அப்படித்தானே எழுதுகிறோம்? தம் சமயமும் மானமும் தீண்டப்பட்டதாக நினைத்தவர்களின் எதிர்ப்பு அது. ‘உள்ளம் புழுங்கி எதிர்த்தனர்’ என்று எழுதும்போதுதான் அந்தப் பொருள் கிட்டுகிறது. ‘கசப்புடன் எதிர்த்தனர்’ என்பதோ, தலைப்பாகை பிடிக்காமல் முகம் சுளித்தவர்களைப்போல் அவர்களைச் சிறுமைப்படுத்திவிடும்.

கசப்பு என்னும் சொல்லையே விலக்கிவிடும்படி நான் கேட்கவில்லை. உறவு கசந்தது, வாழ்க்கை கசந்தது, கசப்பான அனுபவம் என்பனவெல்லாம் நல்ல தமிழே. ‘பிட்டர்லி’ வந்தால், அந்த வாக்கியத்தில் உறைப்பது அளவா, மனமா, இரண்டுமா என்று உதவி ஆசிரியர் ஒரு கணம் பார்த்தால் போதும். உரிய தமிழ்த் தொடர் தானாக வந்து நிற்கும். செய்தி அறையின் அவசரமும் தலைப்புக்குரிய இட நெருக்கடியும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் ‘கசப்பான குளிர்’ என்பதைவிடக் ‘கடுங்குளிர்’ அந்த இடத்தில் குறைவாகவே அடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.