தெருச் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை: செயலாளர் பொதுக்குழுவில் வாசித்தது

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தெருவுல 64 வீடு இருக்கு, போன வருஷம் பொதுக்குழுவுக்கு 22 பேர் வந்தீங்க, இன்னிக்கு இப்போதைக்கு 19 பேர் தான் இருக்கோம். பரவாயில்ல, வந்தவங்களுக்காவது சொல்லணும்ல, வாசிச்சுடறேன்.

சுதந்திர தினத்துக்கு கொடி ஏத்தி மிட்டாய் கொடுத்தோம். பொங்கலுக்கு கோலப்போட்டி நடந்துச்சு. தெருவிளக்குக்கு மூணு மனு, சாக்கடை வாறுகாலுக்கு ரெண்டு மனு கொடுத்தோம், விளக்கு எரியுது, வாறுகால் இன்னும் அப்படியே தான் கிடக்கு. கமிட்டி கூட்டம் ஏழு தடவ நடந்துச்சு.

இந்த வருஷம் பெருசா செஞ்சதுனா செப்டம்பர் 29 ஞாயித்துக்கிழமை, காலாண்டு லீவுல, குடும்பத்தோட கீழடி அருங்காட்சியகம் போயிட்டு வந்தது தான். இதப் பத்தி வாட்ஸ்அப் குரூப்ல பலபேர் பல விதமா போட்டீங்க, கொடைக்கானல் போயிருக்கலாம், குற்றாலம் போயிருக்கலாம், உடைஞ்ச பானை ஓட்டப் பாக்க விருதுநகர்ல இருந்து பஸ் பிடிச்சுப் போகணுமானு. அப்ப நான் பதில் போடல. இப்ப சொல்றேன்.

காலைல ஏழு மணிக்குக் கிளம்பி கப்பலூர்ல ரிங் ரோடு பிடிச்சு, விரகனூர் வழியா ராமேஸ்வரம் ரோட்டுல சிலைமான் தாண்டிப் போனோம். கீழடியில 2014-15ல மத்திய தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சுச்சு, மூணு கட்டம் அவங்க, நாலாவது கட்டத்துல இருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை. தோண்டின இடமெல்லாம் தென்னந்தோப்பு, சொந்தக்காரங்க இடம் கொடுத்ததால தான் தோண்டவே முடிஞ்சுது. அருங்காட்சியகம் 2023 மார்ச் 5ஆம் தேதி திறந்தாங்க. செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்காங்க, உள்ள நுழைஞ்சதுமே நம்ம பெரியவங்க எல்லாரும் தூணத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க.

அந்த உடைஞ்ச ஓடு விஷயத்துக்கு வர்றேன். ஓட்டுல பழைய தமிழி எழுத்துல பேர் கீறியிருக்கு, ஆதன்னு, குவிரன் ஆதன்னு. நம்ம வீட்ல கல்யாணச் சீரு பாத்திரத்துல பேர் வெட்டுறோம்ல, விசேஷ வீட்டுக்குக் கொடுத்துட்டா மாறிப் போயிடக் கூடாதுனு, எங்கம்மா அதப் பாத்ததும் அப்படித்தான் சொன்னாங்க, “இது யார் வீட்டுப் பானைனு தெரியறதுக்கு எழுதிருக்காங்கப்பா”னு. ராஜா வெட்டின கல்வெட்டு இல்ல, பானை வெச்சிருந்த வீட்டுக்காரங்க பேரு. நாலாவது கட்டத்துல 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த ஒரு கரித்துண்ட அமெரிக்காவுக்கு அனுப்பிப் பாத்ததுல கி.மு. 580னு வந்துருக்கு. ஏழாவது படிக்கிற என் பையன் 580ஓட 2024அக் கூட்டிப் பாத்துட்டு ரெண்டாயிரத்து அறுநூறு வருஷமாப்பானு என் கையப் பிடிச்சுக்கிட்டான். அதுக்காகத் தான் கூட்டிட்டுப் போனேன், வேற எதுக்கும் இல்ல.

உறைகிணறு பாத்தோம், சுட்ட மண்ணுல வளையம் செஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிருக்காங்க. எங்க ஊர்க் கிணத்துல சிமெண்ட் உறை எறக்கினது எனக்கு ஞாபகம் இருக்கு, வேலை அதே வேலை தான். தக்களி வரிசையா வெச்சிருந்தாங்க, மண்ணுல செஞ்ச சின்னச் சின்ன வட்டம், நடுவுல ஓட்டை, நூல் நூக்கிறது. எங்கம்மாவுக்கு 74 வயசு, பள்ளிக்கூடத்துல தக்களி சுத்தினவங்க, அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால நின்னு வெறுங்கையில சுத்திக் காட்டினாங்க, நம்ம தெருப் பிள்ளைங்க மட்டுமில்ல வேற ஊர்ல இருந்து வந்த பிள்ளைங்களும் சுத்தி நின்னு பாத்துச்சுங்க. அங்க பெருசா எழுதி வெச்சிருந்ததெல்லாம் கூட எனக்கு மறந்துரும், இது மறக்காது.

பானை ஓட்டத் தேச்சு வட்டமாக்கின சில்லு நிறைய இருந்துச்சு. பகடை, யானைத் தந்தத்துல சீப்பு, சூதுபவளம்னு சொல்ற செவப்புக் கல்லு மணி, தங்கத்துல சின்னச் சின்ன உருப்படி எல்லாம் பாத்தோம். மண்பாண்டக் கூடத்துக்கு ‘கலம் செய் கோ’னு பேர் வெச்சிருக்காங்க, நல்ல தமிழ்ப் பேரு. பக்கத்து ஊரு கொந்தகையில எடுத்த ஈமத்தாழி, அதாவது செத்தவங்கள வெச்சுப் புதைச்ச பெரிய பானை, அது முன்னால மட்டும் யாரும் பேசல. அருங்காட்சியகத்த முடிச்சுட்டு, தோண்டின குழியவும் போய்ப் பாத்தோம், மேல கூரை போட்டு வெச்சிருக்காங்க. மத்தியானம் ரோட்டோரம் மரத்தடியில புளிசாதம் சாப்பிட்டு முடிச்சா, நம்ம தெருப் பொம்பளப் பிள்ளைங்க மண்ணுல கட்டம் கீறி ஓட்டாஞ்சில்லு வெச்சு பாண்டி ஆடிட்டு இருந்துச்சுங்க. யாரும் சொல்லிக் கொடுக்கல, காலைல பாத்துட்டு வந்த சில்லு தான்.

இப்ப வருத்தத்தையும் சொல்லிடறேன். பஸ் 50 சீட்டு. பேர் கொடுத்தது 47 பேர். காலைல பஸ் முன்னால நின்னது 33. பேர் கொடுத்தவங்க சீட்டுலயே பதினாலு காலியாப் போச்சு. ஒருத்தரு ஆறரை மணிக்கு போன் எடுக்கல, ரெண்டு குடும்பம் முந்தின நாள் ராத்திரி வரைக்கும் வர்றோம் வர்றோம்னு சொல்லிட்டு வரல, உடம்பு சரியில்லாதவங்கள நான் சொல்லல, அது வேற. சீட்டு பத்தாதுனு நான் திருப்பி அனுப்பின குடும்பம் ஒண்ணு இருக்கு, அந்த வீட்டுப் பிள்ளைங்க பஸ் கிளம்பறப்ப வாசல்ல நின்னு பாத்துச்சுங்க, அது எனக்கு இன்னும் மனசுல உறுத்துது. பஸ் வாடகையில குறைஞ்ச 3,900 ரூபாய நான் கைல இருந்து போட்டேன். சங்கக் கணக்குல எழுதல, எழுதவும் வேணாம், ஆனா இத லாபத்துக்குச் செஞ்சேன்னு ஒரு பேச்சு வந்துச்சு, அதனால தான் சொல்ல வேண்டியதாப் போச்சு. பில்லு எல்லாம் இந்த ஃபைல்ல இருக்கு, யார் வேணா பாக்கலாம்.

சந்தா மாசம் 50 ரூபா. 27 வீட்டுப் பாக்கி நிக்குது, அதுல சிலது ரெண்டு வருஷத்துக்கு மேல. வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாரு, மொத்தத்துல வரவு கொஞ்சம் கம்மி, செலவு கொஞ்சம் கூட, கையிருப்பு சுமாரா இருக்கு. தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், கமிட்டி மெம்பர்கள், பாய் விரிச்சு சேர் போட்ட தம்பிங்க, புளிசாதம் கட்டிக் கொடுத்த அக்காமார் எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் ஆதிச்சநல்லூர் போகலாம்னு இருக்கேன். அது தூத்துக்குடி மாவட்டத்துல இருக்கற பழைய காலத்து இடுகாடு, அங்க ஈமத்தாழிய எடுத்துட்டு வராம இருந்த இடத்துலயே விட்டு, குழிக்கு மேல கண்ணாடி போட்டு மேல நின்னு பாக்கற மாதிரி செஞ்சிருக்காங்க. பஸ் பேசணும்னா ஜூன் மாசத்துக்குள்ள அட்வான்ஸ் கொடுக்கணும், இந்தத் தடவ பேரோட காசும் சேத்துக் கொடுத்தா தான் சீட்டு, வாசல்ல நின்ன பிள்ளைங்க வீட்டுக்கு முதல்ல. நானே திரும்ப செயலாளரா இருக்கணும்னு இல்ல, யார் எடுத்துச் செஞ்சாலும் கூட நிப்பேன். யாரும் எடுக்கலைனா நான் செய்றேன், ஆனா கைக்காச போட்டு இன்னொரு தடவ செய்ய என்னால முடியாது. பொருளாளர் ரசீது புக்கு கொண்டு வந்திருக்காரு, கூட்டம் முடிஞ்சதும் வாசல் பக்கத்துல தான் உக்காந்திருப்பாரு.