ஒரு மந்திரம், நான்கு பள்ளிகள்: விதிநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்தின் விதிநூலை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். ஆட்டத்தின் மந்திரங்களை வகை பிரிக்கும் எட்டுப் பள்ளிகளைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. எந்த மந்திரத்தை எந்த அடிப்படையில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்பதை எங்களுக்கும் எழுதித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன வாரம் எங்கள் ஆட்டத்தில் நடந்தது இது. ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான்தான். பாழடைந்த கோயில் ஒன்றில் ஒரு கல்தொட்டி வைத்திருந்தேன். அதன் தண்ணீரைத் தொட்டால் கியூர் வூண்ட்ஸ் என்ற குணமாக்கும் மந்திரம் வேலை செய்து காயம் ஆறும். முந்தைய சண்டையில் எல்லோரும் நன்றாக அடிவாங்கியிருந்தார்கள், அவர்களுக்காகவே வைத்த தொட்டி. மந்திரவாதியான விசார்டாக ஆடுபவர், மந்திரம் எந்தப் பள்ளி என்று காட்டும் டிடெக்ட் மேஜிக்கைப் பொறுப்பாகப் போட்டார். நாங்கள் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் ஆடுகிறோம். ஆகவே "எவோகேஷன்" என்றேன். தீக்குண்டு வீசும் ஃபயர்பால் எவோகேஷன். மின்னல் பாய்ச்சும் லைட்னிங் போல்ட்டும் எவோகேஷன். "தொட்டால் வெடிக்கும்" என்று முடிவுகட்டி, தொட்டியைச் சுற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்கள். அங்கே எங்கள் பூசாரிப் பாத்திரமான கிளெரிக் செத்தார். அவர் தினமும் போடுகிற மந்திரம்தான் தொட்டியில் இருந்தது. அதுவும் ஃபயர்பாலும் ஒரே பள்ளி என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்?

அப்புறம் சண்டை மேசைக்கு வந்தது. 2024 நூலை வைத்திருந்தவர் அது அப்ஜுரேஷன் என்றார். அப்படிச் சொல்லியிருந்தால் காவல் மந்திரம் என்று நினைத்துத் தைரியமாகக் கை வைத்திருப்பார்களாம். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் வளர்ந்தவர் கான்ஜுரேஷன், அதாவது வரவழைக்கும் பள்ளி, என்றார். எங்களில் மூத்தவரிடம் 1978 நூல் இருக்கிறது. அதில் உயிரும் சாவும் சார்ந்த நெக்ரோமான்சி! நான்கு பேர் சொன்னதும் சரி. நான்கையும் அச்சடித்தது நீங்களும் உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களும்தான்.

மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. காரணம் சொல்லி மாற்றுங்கள் என்கிறேன். 2014-இல், நேர்மறை ஆற்றலைச் செலுத்துவதால் குணமாக்கல் எவோகேஷன். அதாவது சக்தி எப்படி வருகிறது என்பது கணக்கு. 2024-இல், தீங்கைத் தடுப்பதும் நீக்குவதும் அப்ஜுரேஷன். இப்போது விளைவு கணக்கு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சாவைவிடப் பெரிய தீங்கு உண்டா? செத்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் இன்னும் நெக்ரோமான்சியில்தான் இருக்கிறது. பவர் வேர்ட் ஹீல் காயத்தை ஆற்றுகிறது, ஆனால் அது மனத்தை ஆட்டுவிக்கும் என்சான்ட்மென்ட்டில் இருக்கிறது. பெயரில் 'பவர் வேர்ட்' இருப்பதால் அண்ணன் தம்பிகளோடு சேர்த்துவிட்டீர்கள் போல. பயமுறுத்தும் ஃபியர் மூன்றாம் பதிப்பில் நெக்ரோமான்சி, ஐந்தாம் பதிப்பில் மாயத்தோற்றப் பள்ளியான இல்யூஷன். இடம்விட்டு இடம் தாவவைக்கும் டெலிபோர்ட் மூன்றாம் பதிப்பில் உருமாற்றப் பள்ளியான டிரான்ஸ்ம்யூட்டேஷன், அதன் திருத்தமான 3.5-இல் கான்ஜுரேஷன். அரசு ஊழியர்களுக்குக்கூட இடமாற்றத்தின்போது ஓர் ஆணை கையில் கிடைக்கும்.

பள்ளிகளுக்கென்று தனி விதிகள் இல்லை, சில விதிகள் மட்டும் அவற்றைக் குறிப்பிடும் என்று 2014 நூலில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் 'சில விதிகளில்' ஒன்றான டிடெக்ட் மேஜிக்தான் எங்கள் கிளெரிக்கைக் கொன்றது. மந்திரமும் போடும் போர்வீரனான எல்ட்ரிச் நைட் ஆடியவர்களைக் கேளுங்கள், எவோகேஷன், அப்ஜுரேஷன் என்ற வேலிக்குள் எத்தனை நிலைகள் ஓட்டினார்கள் என்று சொல்வார்கள். 2024 நூலிலோ பள்ளிகள் எட்டு, ஆனால் விசார்ட் சிறப்புத்துறையாக எடுக்கக்கூடியவை நான்குதான். நெக்ரோமான்சர் ஆசையோடு அந்த நூலைக் காசு கொடுத்து வாங்கியவர் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். அது வேறு வழக்கு. இங்கே இழுத்திருக்கக் கூடாது, ஆனாலும் எரிகிறது.

பள்ளிகளே வேண்டாம் என்று யாராவது எழுதினால் தயவுசெய்து கேட்காதீர்கள். 2008-இல் நான்காம் பதிப்பில் அவற்றைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவைத்தீர்கள். 2023-இல் பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டத்துக்காரர்கள் எட்டையும் தூக்கிவிட்டு, விசார்டுக்குக் கல்லூரி மாதிரியான வேறு பள்ளிகளைக் கொடுத்தார்கள். அது அவர்கள் பாடு. எனக்கு இந்த எட்டும் பிடிக்கும். தொட்டியில் மின்னும் ஒளியைப் பார்த்து ஆட்டக்காரர்கள் யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் டிஎம் வேலை பார்க்கிறேன். யோசித்தால் விடை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வேண்டாமா?

ஆகவே பணிவோடு கேட்கிறேன்: பிரிக்கும் அடிப்படையை ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதில் பொருந்தாத மந்திரத்துக்கு, ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு வரி போதும். அடுத்த பதிப்புவரை காத்திருக்காமல் திருத்தப் பட்டியலிலேயே வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களைத் தொடர்ந்து வாங்கும் ஒரு டிஎம்