அளவுச் சட்டையை எடுத்து வைத்துக்கொள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் ஜெர்மனியில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் இறங்குவதற்குள் கோட்டும் பூட்ஸும் இணையத்தில் வாங்க வேண்டியிருப்பதாகவும், எந்த அளவைக் குறிப்பது என்று உனக்குப் பிடிபடவில்லை என்றும், சென்ற முறை வரவழைத்தவற்றில் பாதி திரும்பிப் போய்விட்டன என்றும் அம்மாவிடம் சொன்னாயாம். மதுரைப் புது மண்டபத்துத் தூண்களுக்கு இடையே மெஷின் மிதித்து, கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது மெஷினோடு நானும் மாறி, இன்றும் கழுத்தில் இஞ்சு டேப்போடு இருப்பவனின் மகன் 'எம்'மா 'எல்'லா என்று திகைப்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் பாதி உன் காதில் விழாது என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் அந்த எழுத்துகளை மறந்துவிடு. எம், எல், எக்ஸ்எல் என்பவை அளவுகள் அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் வாங்குகிறவர் எப்படிப்பட்ட உடல்வாகு உள்ளவர் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அதற்கேற்ப வெட்டி, அதன் மேல் ஒட்டுகிற பெயர்தான் அது. அதனால்தான் ஒரு கடையின் எல், இன்னொரு கடையின் எம்மைவிடச் சிறியதாக இருக்கிறது. அளவு என்பது நாடாவில் இருக்கும் எண் மட்டுமே.

நம் ஊரில் பெண்கள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது உடம்பில் நாடா வைக்க விடமாட்டார்கள். நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவு ஜாக்கெட் என்று கொடுத்துவிட்டுப் போவார்கள், நாங்களும் அதை மேசையில் விரித்து அளந்து புதியதை வெட்டுவோம். இணையத்தில் வாங்குவதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் இருக்கும் சட்டைகளில் எதைப் போட்டால் உடம்பில் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பே வராதோ, அதை எடுத்து, பட்டன்களைப் பூட்டி, சுருக்கம் இல்லாமல் தரையில் விரித்து வை. ஒரு அக்குளின் அடித்தையலிலிருந்து மறு அக்குளின் அடித்தையல் வரை நேராக அளந்து இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்று கிடைக்கும். பின்பக்கம் கை தொடங்கும் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரை தோள் அகலம்; காலரின் அடியிலிருந்து கீழ் ஓரம் வரை நீளம்; தோள் தையலிலிருந்து மணிக்கட்டு வரை கை நீளம். இந்த நான்கையும் அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் எழுதி வைத்துக்கொள்.

இந்த எண்களைக் கடையின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். பட்டியல் இரண்டு வகையாக இருக்கும். ஒன்று உடம்பு அளவு: மார்பு 38 அங்குலம் உள்ளவர் இதை வாங்கலாம் என்று சொல்வது. மற்றொன்று தைத்த துணியின் அளவு. 38 அங்குல மார்புக்கு நான் சாதாரணமாகத் தைக்கும் சட்டை 42 அங்குலம் சுற்று இருக்கும். உடம்பை ஒட்டித் தைக்கச் சொன்னால் 40 வரை இறக்குவேன். மூச்சு விடவும் கையைத் தூக்கவும் அந்த இடைவெளி வேண்டும். ஆகவே உன் அளவுச் சட்டையின் 42-ஐ உடம்பு அளவுப் பட்டியலில் கொண்டுபோய்த் தேடினால் வருவது தொளதொளவென்று இருக்கும். 38-ஐத் துணி அளவுப் பட்டியலில் தேடினால் பட்டன் பூட்ட முடியாது. பட்டியலின் தலைப்பில் எந்த வகை என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால், எழுதிக் கேள்; பதில் வராத கடையில் வாங்காதே.

எண் போட்டிருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. இங்கே ஃபார்மல் சட்டைகளில் 39, 40, 42 என்று இருப்பது பெரும்பாலும் கழுத்துச் சுற்று, அதுவும் சென்டிமீட்டரில். குர்த்தாவில் அதே 40 என்பது மார்பு, அங்குலத்தில். திருப்பூர் பனியனில் 85, 90 என்று இருப்பது மார்பு, சென்டிமீட்டரில். உங்கள் பக்கத்துக் கோட்டு எண் இன்னொரு விதம். ஆண்கள் கோட்டில் 50 என்றால் மார்பு 100 சென்டிமீட்டர், அதாவது மார்புச் சுற்றில் பாதி. அதையே இங்கிலாந்துக்காரர்கள் அங்குலக் கணக்கில் 40 என்பார்கள். மருமகளுக்கும் சொல்: பெண்கள் உடையில் ஜெர்மனியின் 38-க்குப் பிரான்சில் 40 என்று பெயர், ஆகவே எந்த நாட்டு எண் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

இரண்டு அளவுகளுக்கு நடுவே நின்றால் தோளைப் பார்த்து முடிவு செய். பக்கவாட்டில் பிடிப்பதும், நீளத்தைக் குறைப்பதும், கையைச் சுருக்குவதும் எந்தத் தையல்காரரும் அரை மணியில் செய்கிற வேலை. தோள் சரியில்லாவிட்டால் கையைப் பிரித்து, கைக்குழியைத் திருத்தி மறுபடி ஏற்ற வேண்டும். அந்தக் கூலிக்குப் புதுச் சட்டையே வாங்கிவிடலாம். தோள் பொருந்துகிற அளவுகள் இரண்டு இருந்தால் பெரியதை எடு. நாங்கள் தைக்கும்போது உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தைப்பதால் உடம்பு பருத்தாலும் பிரித்துவிட முடிகிறது. ஆயத்த ஆடைகளில் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விடாமல், ஓரம் பிரியாதபடி சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடித்துவிடுகிறார்கள். அதைப் பிடிக்கலாமே தவிர, பிரித்துவிட முடியாது. (துணியை மிச்சம் பிடித்து அவர்கள் சம்பாதிப்பது தனிக் கதை.)

கோட்டுக்கு அளவு எடுக்கும்போது, உள்ளே போடப்போகிற சட்டையையும் கம்பளி ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு, அவற்றின் மேல் நாடாவைச் சுற்றி, கைகளை முன்னால் நீட்டிப் பார். கோட்டுகளின் உடம்பு அளவுப் பட்டியலில் பெரும்பாலும் உள்ளாடைக்கு மேல் எடுத்த அளவைத்தான் கேட்பார்கள். அங்கே ஸ்வெட்டரோடு எடுத்த எண்ணைக் கொடுத்தால் இடைவெளி இரண்டு முறை சேர்ந்துவிடும். துணி அளவு கொடுத்திருந்தால் மட்டும் ஸ்வெட்டர் மேல் எடுத்த அளவோடு இரண்டு மூன்று அங்குலம் கூட்டி ஒப்பிடு.

பருத்தி சுருங்கும் என்பது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டியே சுருக்காத துணி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும், அதுவும் நீளவாக்கில்தான் அதிகம். 30 அங்குல நீளச் சட்டையில் மூன்று பங்கு என்றாலே ஏறக்குறைய ஒரு அங்குலம் போய்விடும். அங்கே துணியைச் சூடான மெஷினில் உலர்த்துகிறீர்கள் என்பதால் கூடுதலாகவே கணக்குப் போட்டுக்கொள்.

ஜீன்ஸில் இடுப்பு 32 என்று அளவுச் சீட்டில் இருப்பதை அளந்தால் 34 வருவது புதிதல்ல, வாங்குகிறவர் மனம் மகிழட்டும் என்று செய்வது அது. ஆகவே அங்கேயும் அளவுப் பேண்ட்டை விரித்து இடுப்பு, பின்புறம், தொடை, உள்கால் நீளம் ஆகியவற்றை எடு. 32-க்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது எண் உள்கால் நீளம், அங்குலத்தில். உன் உயரத்துக்கு 30 போதும்.

இனி பூட்ஸ். மாலையில் அளக்க வேண்டும், ஏனென்றால் நாள் முழுவதும் நின்று நடந்த கால் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். சுவரோரம் ஒரு தாளைப் போட்டு, குளிருக்குப் போடும் தடித்த காலுறையோடு, குதிகால் சுவரைத் தொடும்படி நின்று, மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போடு. உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாது. இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கு வாங்கு. பாதத்தின் மிக அகன்ற இடத்தையும் அளந்துகொள்.

எண்களின் கணக்கு தெரிந்தால் மயக்கம் தீரும். ஐரோப்பிய எண் ஒன்றுக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், அதனால் 42 என்பது 28 சென்டிமீட்டர். இங்கிலாந்து எண் ஒன்றுக்கு மூன்றில் ஒரு அங்குலம். அந்தக் காலத்தில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளமாக வைத்தார்களாம். அதன் 8 என்பது 11 அங்குலம், அதுவும் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர்தான். ஆனால் இரண்டின் படிகளும் வேறு வேறு நீளம் என்பதால் மற்ற எண்களில் ஒன்றுக்கொன்று சரியாக உட்காராது. பட்டியலுக்குப் பட்டியல் அரை எண் மாறுவதன் காரணம் இதுதான். இந்தியாவில் நாம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் இங்கிலாந்து எண். அமெரிக்க ஆண்கள் எண் அதைவிட ஒன்று கூடுதல் என்பதால், இங்கே 8 போட்டவன் அதே 8-ஐ அமெரிக்கக் கணக்கில் வாங்கினால் விரல் மடங்கும். இந்த நீளமெல்லாம் செருப்பச்சின், அதாவது செருப்பு செய்ய வைக்கும் கால் வடிவ அச்சின் நீளம், பாதத்தின் நீளம் அல்ல. விரலுக்கு முன்னால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் சேர்த்ததுதான் அது. உன் பாதம் 26.5 வந்தால் 42-ஐப் பார்க்கலாம்.

நீளம் சரியாக இருந்தும் ஓரங்கள் நெரிக்கிறது என்று நீ சொன்னதற்குக் காரணம் அகலம். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாடெங்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் பாதங்களை அளந்து, நம்மவர்களின் பாதம் ஐரோப்பியர்களுடையதைவிட அகலமானது என்று கண்டு, 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவு முறையை முன்வைத்தது. அகலத்துக்குப் பயந்து ஒரு எண் கூட்டி வாங்காதே. குதிகால் கழன்று கொப்புளம் போடும். ஜெர்மனியில் அகலத்துக்குத் தனி எழுத்து உண்டு. எச், கே என்றிருப்பவை அகலமானவை, அவற்றில் தேடு. தோல் நாளடைவில் சற்று விரிந்து கொடுக்கும், ரெக்ஸின் கொடுக்காது. பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் கால் இன்னும் குளிரும்.

வந்த பொருளை விரிப்பின் மேல் மட்டும் நடந்து பார், சீட்டைக் கிழிக்காதே. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதைக் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்று சட்டம் இருக்கிறது. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள். ஆனால் அந்த வசதிக்காக ஒரே சட்டையை மூன்று அளவில் வரவழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

தீபாவளிக்கு இங்குள்ள தளங்களில் எங்களுக்கு வாங்கி அனுப்பப் போவதாகச் சொன்னாய். அம்மாவுக்கு ஆயத்த ஜாக்கெட் வேண்டாம். புடவையோடு 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் துணி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார், தைப்பது என் பொறுப்பு. வளையல் என்றால் 2.6. அது தசமப் புள்ளி அல்ல, இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும், 2.4-ஐ எடுத்துவிடாதே, அவள் கைக்கு ஏறாது. எனக்குப் பனியன் 90. செருப்பு வேண்டவே வேண்டாம், டவுன் ஹால் ரோட்டில் காலை வைத்துப் பார்த்து நானே வாங்கிக்கொள்வேன். கோட்டின் அளவுப் பட்டியலையும், உன் அளவுச் சட்டையின் நான்கு எண்களையும், பணம் கட்டுவதற்கு முன் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா