சித்தப்பாவுக்கு, ஈலியிலிருந்து

சித்தப்பா,

பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பம் போய்விட்டது. எங்கள் இருவருக்கும், பாப்பாவுக்கும் சேர்த்து. கைரேகையும் கொடுத்தாயிற்று. இனி அவர்கள் சரி என்று சொன்னால் ஒரு நாள் போய் நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். அப்புறம் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை.

நாலு பேர் பார்க்கிற இடத்தில் வீட்டு விஷயம் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் என்ன செய்ய, நான் இங்கே எழுதுவதையெல்லாம் படிக்கிறீர்கள், என் போனைத்தான் எடுப்பதில்லை. படித்துவிட்டுச் சித்தியிடம் எழுத்துப் பிழைகளைச் சொல்கிறீர்களாம். சரி, இதையும் படியுங்கள். பிழை இருந்தால் சொல்லியனுப்புங்கள்.

நிலத்தைப் பற்றி இங்கே எதுவும் எழுதப் போவதில்லை. கும்பகோணத்திலிருந்தும் சிலர் படிக்கிறார்கள், அவர்களுக்கு அந்தப் பேச்சில் தேவைக்கு மேல் ஆர்வம். உங்களுக்காக ஒன்று மட்டும்: வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் நம் ஊரில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். யாரோ உங்களிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்றும் தெரியும். விடுங்கள்.

நீங்கள் வந்துபோன பிறகு ஈலியைப் பற்றி ஊரில் ஒரு சித்திரம் உருவாகிவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடை சாத்திவிடும் ஊர். ஒரு கோயில், ஒரு ஆறு, நாலு வாத்து. "லண்டன்னு சொன்னாங்க, போய்ப் பார்த்தா திருவிடைமருதூர் மாதிரி இருக்கு" என்று நீங்கள் சொன்னது எங்கெங்கோ சுற்றி எனக்கே திரும்பி வந்தது. லண்டன் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. அது அம்மா சொன்னது. மற்றபடி திருவிடைமருதூர் சரிதான், சுமார் இருபதாயிரம் பேர்தான் இருக்கிற ஊர் இது. பெரிய தேவாலயம் இருப்பதால் நகரம் என்று பெயர். கேம்பிரிட்ஜில் வேலை பார்க்கிறவர்கள் அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் கால் மணி நேர ரயில் தூரத்தில் இங்கே வந்து ஒண்டுகிறோம். எங்கள் ஆய்வகத்திலேயே என்னைப் போல் சிலர் உண்டு. அழகைப் பார்த்து வந்தவர்கள் இல்லை நாங்கள். வந்த பிறகு அது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

தேவாலய வாசலில் நீங்கள் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? "சாமி கும்பிடுற இடத்துக்கு டிக்கெட்டா?" வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் குரல் புரிந்தது. சாயங்காலம் ஐந்தரை மணிப் பாட்டு வழிபாட்டுக்குக் காசு கிடையாது என்று சொன்னதும் அதற்கே வருவோம் என்று திரும்பிவிட்டீர்கள். வந்தோம். பாட்டு முடியும்வரை நீங்கள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பக்தி என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார். எனக்குத் தெரியும், தூண்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தீர்கள்.

கட்ட ஆரம்பித்தது 1083 என்றேன். தஞ்சாவூர் பெரிய கோயில் முடிந்து 73 வருஷம் என்று உடனே கணக்குச் சொன்னீர்கள். 1322 பிப்ரவரியில் ஒரு ராத்திரி நடுக்கோபுரம் இடிந்து விழுந்த கதையைச் சொன்னதும் உங்கள் முகத்தில் வந்த பிரகாசம் இருக்கிறதே! பக்கத்தில் மாதா சிற்றாலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டியதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் என்றேன். "இருக்கலாம் என்ன, அதேதான்" என்றீர்கள், நேரில் ஆய்வுக்குப் போய்விட்டு வந்தவர் போல. பழைய இடத்தில் அதே போலக் கோபுரம் எழுப்பாமல், ஆலன் ஆஃப் வால்சிங்கம் என்ற துறவி இடிந்த இடத்தையே எண்கோணமாக அகட்டிவிட்டார். அவ்வளவு அகலத்துக்கு மேலே கல்லை ஏற்ற முடியாது. அரசரின் தச்சர் வில்லியம் ஹர்லி 63 அடி ஓக் மரங்கள் எட்டை நிறுத்தி மரத்தாலேயே விளக்குக் கூண்டு, அதாவது வெளிச்சம் இறங்க ஜன்னல் வைத்த கோபுரம், செய்தார். கீழிருந்து பார்த்தால் கல் போலத்தான் இருக்கும். இருபது வருஷம் ஆயிற்று. "எட்டு மரத்துக்கு நாடு பூரா அலைஞ்சிருப்பான்" என்றீர்கள். வெளியே வந்ததும் மேற்கு முகப்பில் இடது பக்கச் சிறகு இல்லாததைக் காட்டி, அது விழுந்த பிறகு திரும்பக் கட்டவே இல்லை என்றேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்று மட்டும் புரிந்தது.

நான் எழுத வந்தது தேவாலயத்தைப் பற்றி இல்லை. பிரிக்வில்லோவைப் பற்றி.

அக்டோபர் ஞாயிறு, அவர் வண்டி ஓட்ட, பாப்பா பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஈலியிலிருந்து கிழக்கே சில மைல். பழைய வடிகால் எஞ்சின்களை வைத்திருக்கும் சின்ன மியூசியம், உங்களுக்குப் பொழுது போகும் என்றுதான் கூட்டிப்போனேன். நீங்கள் உள்ளேயே வரவில்லை. மங்கி குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே லார்க் ஆற்றின் கரையில் ஏறிவிட்டீர்கள். ஏறி நின்று இந்தப் பக்கம் ஆற்றைப் பார்த்தீர்கள், அந்தப் பக்கம் வயலைப் பார்த்தீர்கள். இறங்கி வயல் மட்டத்தில் நின்று பார்த்தீர்கள். மறுபடி ஏறினீர்கள்.

"ஏம்மா, ஆறு மேல இருக்கு. வயல் கீழ இருக்கு."

ஆமாம் என்றேன்.

"அப்ப வடிகால் எப்படி?"

அதற்குத்தான் பம்ப் என்றேன். நீங்கள் நம்பவில்லை. நாற்பது வருஷம் தலைமடை, கடைமடை என்று தண்ணீர் தானாக ஓடுகிற சரிவை வைத்தே வாழ்ந்தவருக்கு இது அநியாயமாகப் பட்டிருக்கும். அப்புறம் கரை ஓரமாகக் குனிந்தபடி நடக்க ஆரம்பித்தீர்கள். எதைத் தேடுகிறீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எலி வளை. கரை உடைவது அதில்தான் ஆரம்பிக்கும் என்பீர்கள். சின்ன வயதில் அரசலாற்றுக் கரையில், கரைக் காவல் பார்க்கிற லஸ்கரோடு நீங்கள் இப்படித்தான் குனிந்து நடப்பீர்கள், நான் பின்னாலேயே வருவேன்.

மியூசியத்திலிருந்து அந்தப் பெரியவர் வெளியே வந்தார், யாரோ குல்லா போட்ட ஆள் கரையில் எதையோ தேடுகிறாரே என்று. உங்கள் கேள்வியை மொழிபெயர்த்தேன்: இங்கே கரையில் எலி வளை வைக்குமா? அவர் கண் விரிந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். வருகிறவர்கள் எல்லாம் கழிவறை எங்கே, தேநீர் உண்டா என்று கேட்கிற இடம் அது. முயலும், பேட்ஜர் என்கிற வளை தோண்டும் விலங்கும்தான் எங்களுக்குத் தொல்லை என்றார். "பெருச்சாளி?" என்றீர்கள் நீங்கள். அதற்கு மேல் நான் தேவைப்படவே இல்லை. அவர் உங்களை உள்ளே கூட்டிப்போய் 1924இல் வைத்த மிர்லீஸ் டீசல் எஞ்சினைக் காட்டினார். நீங்கள் கையை அகட்டிக் கேட்டீர்கள், அவர் விரலை மடக்கிச் சொன்னார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு வரலாறு கேட்டீர்கள், சொன்னேன். 17ஆம் நூற்றாண்டில் வெர்மைடன் என்ற டச்சுக்காரர் வந்து, வளைந்து நெளிந்த ஆற்றுக்கு நேர்க்கோடாக வாய்க்கால் வெட்டி, இங்கே டென்வர் என்ற ஊரில் கடல் ஓதத்தைத் தடுக்க மதகு கட்டினார். தண்ணீர் வடிந்ததும் மக்கிய செடிகொடிகளால் ஆன கறுப்பு மண் காய்ந்து சுருங்க ஆரம்பித்தது. நிலம் இறங்க, ஆறு அங்கேயே நின்றது. காற்றாலை போதவில்லை, நீராவி வந்தது, அதுவும் போதாமல் டீசல், இப்போது மின்சாரம். பீட்டர்பரோ பக்கம் 1851இல் தரைக்குச் சமமாக நட்ட தூண் இன்று 4 மீட்டர் வெளியே நிற்கிறது.

"பம்ப் நின்னா?"

முழுகிடும்.

"அப்ப இது தினமும் வட்டி கட்டி வெச்சிருக்கிற நிலம்மா."

அந்தப் பெரியவர் 1947 மார்ச்சைச் சொன்னார், பனி உருகிக் கரைகள் உடைந்து, ராணுவம் வந்து அடைத்த கதை. நீங்கள் 2005 கொள்ளிடத்தைச் சொன்னீர்கள். மணல் மூட்டை, சவுக்குக் கட்டை, இடுப்பளவு தண்ணீர், டார்ச் லைட் பேட்டரி தீர்ந்துபோனது. நான் வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். அதில் ஒன்றை மட்டும் சேர்க்கவில்லை. அதே ராத்திரி திருச்சி ஹாஸ்டலில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், மாடிப்படியில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். நான் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கரையில் இருந்தீர்கள். "டூட்டின்னா டூட்டிதாம்மா" என்று மறுநாள் சொன்னீர்கள். நான் ஏற்றுக்கொண்டேன், உண்மையாகவே. உங்களைப் பற்றி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதனால்தான் கேட்கிறேன்: என் டூட்டி மட்டும் எப்போது முடிந்து நான் வீட்டுக்கு வர வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்வது என்ன நியாயம்? அப்பா இருந்திருந்தால் என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் இருக்கிறீர்கள், உங்களிடம்தான் கேட்கிறேன்.

திரும்பி வரும்போது சாலை ஓரமெல்லாம் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கைக் குவித்து வைத்திருந்தார்கள். தூரத்தில் தட்டையான வயலுக்கு மேலே தேவாலயம் மட்டும் தெரிந்தது. நீங்கள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னீர்கள்:

"நீ திரும்பி வரமாட்டே."

கோபம் இல்லை அதில். ஆற்றில் எத்தனை அடி ஓடுகிறது என்று ஆபீசுக்குச் சொல்கிற குரல். நான்தான் பதறி, இல்லை சித்தப்பா, பாப்பா ஐந்தாம் வகுப்பு முடிக்கட்டும் என்று ஏதேதோ சொன்னேன். பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் "ம்" என்றீர்கள். கொஞ்ச தூரம் போய், "அந்த ஆள் நல்ல ஆள். கரையைத் தெரிஞ்ச ஆள்" என்றீர்கள்.

எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியிருக்க, இப்போது ஏதோ நான் ஏமாற்றிவிட்ட மாதிரி ஊரெல்லாம் சொல்வது ஏன்? போன வைகாசியில் அந்தக் கல்யாணத்தில் என்ன பேசினீர்கள் என்பது வரை எனக்கு வந்துவிட்டது. இங்கே எழுத வேண்டாம் என்று இருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் படிப்பார்கள்.

இது சொர்க்கம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஃபென்ஸ் என்கிற இந்தத் தாழ்நில வயல்களிலிருந்து மூடுபனி ஏறினால் வீட்டிலிருந்து தெரிகிற தேவாலயக் கோபுரம் இரண்டு நாள் காணாமல் போகும். கறிவேப்பிலைக்குக் கேம்பிரிட்ஜ் மில் ரோடு வரை போக வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் கதவைத் தட்டுகிறவர் ஒருவரும் கிடையாது. அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொன்னால் நம் வீட்டில் சிலருக்கு உறுத்தும், உறுத்தட்டும். வியாழக்கிழமைச் சந்தையில் காய் விற்கிறவருக்கு என்னைத் தெரியும். பாப்பா ஆற்றங்கரையில் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டுகிறாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து கடைசி ரயிலில் இறங்கித் தனியாக மேட்டில் நடந்து வீட்டுக்கு வருகிறேன். கும்பகோணத்தில் அப்படி நடந்தால் நீங்களே திட்டியிருப்பீர்கள்.

அவள் தமிழைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதில் வாதாட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் தமிழ் பேசுகிற ஆட்களில் ஒருவர் போனை எடுக்காமல் இருந்தால் நான் என்ன செய்ய? உங்களுக்கு என் மேல் கோபம். அவள் மேல் என்ன?

மூட்டு வலிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், சித்தி சொல்வதைக் கேளுங்கள். பொங்கலுக்கு மூன்று பேரும் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் இங்கே முடிவு வந்துவிடுமா என்று தெரியாது. எந்தப் பாஸ்போர்ட்டில் வந்தாலும் மாடி அறையை ஒழித்து வையுங்கள், கொசுவலையில் ஓட்டை இருந்தது.

நீங்கள் அடுத்த தடவை வரும்போது டென்வர் மதகுக்குப் போகலாம். போன தடவை நேரமில்லாமல் விட்டுப்போனது, வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தீர்கள். மே மாதம் வந்தால் குளிர் இருக்காது, ஜூன் 12க்கு மேட்டூர் திறப்பதற்குள் ஊர் திரும்பிவிடலாம். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். பெரியண்ணனிடம் "அவ வெள்ளைக்காரி ஆயிட்டா" என்று சொல்வதை மட்டும் நிறுத்துங்கள். அவன் அதை ஒரு வார்த்தை மாற்றாமல், உங்கள் குரலிலேயே எனக்குச் செய்து காட்டுகிறான்.