உப்பில் தொடங்கு, பாப்பா

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பருப்பொருள் பாடத்தில் வரையறைகளை ஒப்பிக்கிறார்கள், ஆனால் ஒன்றும் புரிந்தமாதிரி தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். வரையறையைக் கடைசியில் எழுதிப் போடு. முதலில் உப்பைக் காட்டு.

நிறையும் கனஅளவும் சட்டென்று பிடிபட்டுவிடும். அடர்த்தியில்தான் தடுமாறுவார்கள். உப்பளத்தில் நாங்கள் ஹைட்ரோமீட்டரை, அதாவது அளவுக்கோடு போட்ட கண்ணாடி மிதவையை, மிதக்கவிட்டு ‘எத்தனை டிகிரி’ என்று பார்ப்பது அந்த அடர்த்தியைத்தான். ஒரு குவளை மொண்டு பார்த்தாலும் பாத்தி முழுக்க இருந்தாலும் டிகிரி ஒன்றுதான். அளவு கூடினால் நிறை கூடும், அடர்த்தி கூடாது. இதைப் பிள்ளைகள் தங்கள் கையால் பார்க்க வேண்டும்.

இந்த டிகிரி வெப்பநிலை இல்லை, போமே என்கிற அடர்த்தி அளவுகோல். கடல்தண்ணீர் அதில் சுமார் 3 டிகிரி. வெயிலில் தண்ணீர் ஆவியாக ஆவியாக அது ஏறும். 13 வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். 25-ஐத் தொட்டதும் உப்பு விளையும். 29, 30 ஆனால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவோம். விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். கரைதிறன் ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

காற்றில்லாத மத்தியானம் பாத்தியின் மேல் உப்பு மிதக்கும். குட்டிக் கோபுரத்தைக் கவிழ்த்து வைத்தமாதிரி, உள்ளே குழிவாக, விளிம்பு நேர்க்கோடாக இருக்கும். பலகை பட்டதும் மூழ்கிவிடும். உப்பின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.16 மடங்கு ஆச்சே, எப்படி மிதக்கிறது என்று எவனாவது கேட்டால் அவனைத் தட்டிக்கொடு. பரப்பு இழுவிசைதான் தாங்குகிறது.

அப்புறம் கலவையும் சேர்மமும். உப்புத்தண்ணீர் கலவை, வெயிலே பிரித்துவிடும். உப்பு சேர்மம், 801 டிகிரி செல்சியஸில் உருகினாலும் அது உப்புதான். உருகியதில் மின்சாரம் பாய்ச்சினால்தான் சோடியமும் குளோரினும் பிரியும். ஒன்று தண்ணீர் பட்டால் சீறுகிற உலோகம், மற்றது மஞ்சள்பச்சை நிற விஷவாயு. இரண்டும் சேர்ந்ததைத்தான் தினமும் குழம்பில் போடுகிறோம். இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்.

வகுப்பில் 100 மில்லி தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல். 36 கிராம் சுமாருக்குக் கரையும். அதற்குமேல் அடியில் தங்கிவிடும். அதுதான் தெவிட்டிய கரைசல். தூள் உப்பு வேண்டாம், அதில் வேறு பொருள் கலந்திருப்பதால் கலங்கலாகத் தெரியும். கல்லுப்பும் ஒரு ஹைட்ரோமீட்டரும் கொடுத்தனுப்புகிறேன். உயரமான ஜாடியில் போடு. அடி தட்டினால் அளவு தப்பாகும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா