பினாங்கு வந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாயே

அன்புத் தோழிக்கு,

உன் குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கி, உன் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஃபெரிக்குக் காத்து நின்றவள் ஒரு போன்கூடப் போடவில்லை. உன் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார், வீட்டில் ஒரே குளியலறை, சிங்கப்பூரிலிருந்து உன் வீட்டுக்காரர் வருவதும் அந்த வாரம்தான் என்று எனக்குத் தெரியும். அதெல்லாம் ஒரு காரணம். இன்னொன்று, நானும் பையனும் மட்டும் எங்காவது போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வர வேண்டும், என் ஒருத்தி சம்பளத்தில், யாரையும் நம்பாமல், அது என்னால் முடியுமா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. மணவிலக்கு ஆன பிறகு நான் எங்கேயுமே போனதில்லை, பத்துமலையைத் தவிர. இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டு.

முதலில் நான் பினாங்கை நினைக்கவே இல்லை. இந்தோனேசியாவில் மேடான், தோபா ஏரி என்று ஒரு பேக்கேஜ் பார்த்தேன். ஆளுக்கு 1,600 மலேசிய வெள்ளி, தனிக் கட்டில் கேட்காத பிள்ளைக்கு 900. ஆக 2,500, ஒரு வருடம் சேர்த்தால் எட்டிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு ஏஜென்சிக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்: "அக்கா, அந்தப் பிள்ளை ரேட்டு ரெண்டு பெரியவங்க கூட வந்தாத்தான். நீங்க ஒருத்தர்னா பையனுக்கும் ட்வின் ஷேரிங் ரேட்டு வரும்." அதாவது டயப்பர் கட்டிக்கொண்டு அரைத் தட்டுச் சோறு சாப்பிடுகிறவனுக்கும் 1,600.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஓர் அறையின் வாடகையை இரண்டு பெரியவர்கள் பாதிப் பாதியாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற கணக்கில்தான் பேக்கேஜ் விலையே போடுகிறார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரும் அறைக்குக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு ஆகிற செலவு சீட்டும் சாப்பாடும்தான், அதனால் 900. வந்திருப்பது ஒருத்திதான் என்றால் அறையின் மறுபாதி யார் கணக்கிலும் இல்லாமல் நிற்கும், அது பிள்ளையின் தலையில் வந்து விழும். அந்தத் தம்பதிக்கு மொத்தம் 4,100, ஆளுக்கு 2,050. எனக்கு 3,200. நான் அவர்களைவிட ஒன்றும் கூடுதலாக அனுபவிக்கப் போவதில்லை, அதே அறை, அதே பஸ், அதே ஏரி. விமானமும் இப்படித்தான்: இரண்டு வயது முடியும்வரை மடியில் வைத்துக்கொள்ளலாம், முடிந்துவிட்டால் தனி சீட்டு, ஏறக்குறைய நம் விலை. என் பையனுக்கு இரண்டு வயது நான்கு மாதம்.

அந்தத் தீம் பார்க், இந்த விலங்குக் காட்சி என்று பல இடங்களிலும் குடும்ப டிக்கெட் என்றால் இரண்டு பெரியவர் இரண்டு பிள்ளை. அதை விடு.

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை விடுப்பு. இந்த வேலையில் சேர்ந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை, வேலைச் சட்டப்படி எனக்கு ஆண்டு விடுப்பு 8 நாள்தான். மார்ச்சில், பையனைப் பகலில் விட்டுவிட்டுப் போகிற தாஸ்காவில் கை, கால், வாய் நோய் பரவி, பையனுக்கும் உள்ளங்கையில் கொப்புளம் வந்து, முழுசாக ஆறும்வரை அழைத்து வராதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து நாள் அங்கேயே போய்விட்டது. எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எனக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குத் தருவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என் ஆண்டு விடுப்பில்தான் கழியும். புருஷன் இருக்கிற வீட்டில் நீ இரண்டு நாள் எடு, நான் மூன்று நாள் எடுக்கிறேன் என்று பிரித்துக்கொள்வார்கள். பெருநாளுக்கு தாஸ்கா ஒரு வாரம் மூடும்போதும் எனக்கு இதே பாடுதான், சம்பளமில்லா விடுப்பு ஒரு நாளுக்கு ஏறக்குறைய 100 வெள்ளி போகும், தாஸ்காவுக்கு மட்டும் மாதக் கட்டணம் 550 முழுசாகக் கட்ட வேண்டும். உல்லாசமாகப் போவதற்கு முன்பே வீட்டில் இருந்த நாட்களுக்கு நான் காசு கொடுத்து முடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

மிச்சம் மூன்று நாள். அதை வைத்துத்தான் செவ்வாய், புதன், வியாழன் என்று வந்தேன். பள்ளி விடுமுறை இல்லாத வாரநாள் என்பதால் பத்து பெரிங்கிக் கடற்கரையில் காலைச் சாப்பாட்டோடு 220 வெள்ளிக்கு அறை கிடைத்தது. காரில் வரலாம் என்று நீ சொல்வாய், கோலாலம்பூரிலிருந்து 350 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் பின் சீட்டில் அவன் வீறிட்டு அழுதால் நான் என்ன செய்வேன்? ரயில் நான்கு மணி நேரம், அதில் ஒன்றரை மணி நேரம் தூங்கினான், மீதி நேரம் பாதையில் நடந்துகொண்டே இருந்தோம். ஃபெரியில் மட்டும் வாயைத் திறந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நம் காலத்தில் கார், லாரி எல்லாம் ஏறிய அந்தப் பழைய ஃபெரி இல்லை, இப்போது ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான் ஏறுகிறார்கள், எனக்குக் கொஞ்சம் மனசு கஷ்டமாக இருந்தது.

ஃபெரி இறங்கும் ஜெட்டியிலிருந்து 101 பஸ் நேராகப் பத்து பெரிங்கி போகும், ஒரு சில வெள்ளிதான். ஆனால் தூங்குகிற பிள்ளை தோளில், மடக்கிய ஸ்ட்ரோலர் ஒரு கையில், துணிப்பை இன்னொரு கையில், எப்படிப் பஸ் ஏறுவது சொல். கிராப் டாக்ஸி எடுத்தேன். மூன்று நாளில் கிராப்புக்கு மட்டும் 90 வெள்ளிக்கு மேல். கூட ஒரு ஆள் இருந்திருந்தால் அதில் முக்கால்வாசி மிச்சம், இதை யாரும் தனித்து வாழும் தாயின் செலவு என்று எழுதி வைப்பதில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு அவன் தூங்கிவிடுவான். விளக்குப் போட்டால் எழுந்துவிடுவான், கதவைப் பூட்டிக்கொண்டு கீழே போகவும் முடியாது. அதனால் கடையில் தாப்பாவ் கட்டி வாங்கி வைத்திருந்த மகி கோரேங் நூடுல்ஸைக் குளியலறைத் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஆறிப் போயிருந்தது. வெளியே அலைச் சத்தம் கேட்டது, நான் கட்டிய 220 வெள்ளியில் அந்தச் சத்தமும் சேர்த்திதானே என்று பத்து மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. நீ கேட்பாய் என்றுதான் சொல்கிறேன்.

கடலுக்குப் போனபோதும் பாரு, பையில் போன், காசு, அடையாள அட்டை எல்லாம் இருக்கிறது, மணலில் வைத்துவிட்டு இறங்க முடியாது, தோளில் மாட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் அவன் கையைப் பிடித்தபடி நின்றேன். இளநீர் விற்கிற மலாய்க்கார அம்மா ஒருவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "லெத்தாக் சினி, டிக்" என்று தன் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் பையை வைக்கச் சொன்னார். அப்புறம்தான் இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீருக்குப் போனோம், அவனுக்கு இடுப்பளவு, எனக்கு முழங்கால். என் விரலை முழு முஷ்டியால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அலைக்கும் "மறுபடி, மறுபடி" என்று அதட்டினான், அலை தன் பேச்சைக் கேட்டுத்தான் வருகிறது என்று நினைத்தானோ என்னவோ.

கடைசி நாள் தண்ணீர்மலைக்குப் போனேன். 513 படி, அவனைத் தூக்கிக்கொண்டு ஸ்ட்ரோலரையும் வைத்துக்கொண்டு முடியாது என்று கீழேயே நின்று முருகனைக் கும்பிட்டேன். பக்கத்திலிருக்கும் தாவரவியல் பூங்காவில் குரங்குகளைப் பார்த்தபடியே காலைப் பொழுது முழுக்கப் போய்விட்டது, நுழைவுக் கட்டணமே இல்லை. மூன்று நாளில் அவன் அதிகமாகச் சிரித்தது அங்கேதான்.

மொத்தம் 850 வெள்ளி சொச்சம். எட்டு மாதம் சேர்த்தது. போனது தப்பு என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை, ஆனால் இதே செலவில் இன்னும் நன்றாகப் போயிருக்கலாம் என்று ரயிலில் திரும்பும்போதே தோன்றியது, அதற்குத்தான் உன்னிடம் வருகிறேன்.

உன் வீட்டுக்காரர் மாதத்தில் இரண்டு தடவைதான் வருகிறார், உன் மகளுக்கு மூன்று வயது. என் பையனும் அவளும் பள்ளிக்கூடம் போகிற வரை நாம் பள்ளி விடுமுறை விலை கொடுக்க வேண்டியதில்லை, அதற்கு இன்னும் சில வருடம்தான் இருக்கிறது. போர்ட்டிக்சனில் இரண்டு அறையும் அடுப்பும் உள்ள அபார்ட்மெண்ட் ஒன்றை வாரநாளில் பிடித்தால் வாடகை பாதிப் பாதி, சமைத்துக்கொள்ளலாம், ஒருத்தி பையைப் பார்த்துக்கொண்டால் இன்னொருத்தி கடலில் இறங்கலாம், பிள்ளைகள் தூங்கினால் நாம் ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு பேசலாம். நீ ரயிலில் வந்து முதல் நாள் செந்தூலில் என் வீட்டில் தங்கு, மறுநாள் என் பழைய காரிலேயே போய்விடலாம், அங்கே தெலுக் கெமாங் கடற்கரை வரைக்கும் அது தாங்கும். மாமியாரை இரண்டு நாள் உன் நாத்தனார் பார்த்துக்கொள்வாரா என்று கேட்டுப் பார், அது முடியாது என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடு, நான் வருத்தப்பட மாட்டேன், உன் வீட்டுக்கே வருகிறேன்.

ஜனவரியில் எனக்குப் புது விடுப்பு வரும். மூன்று நாளை இப்போதே உனக்காக ஒதுக்கி வைக்கிறேன். தேதி சொல். ரைஸ் குக்கர் நான் எடுத்து வருகிறேன், நீ உன் மகளின் பழைய நீச்சல் வளையம் இருந்தால் அதைக் கொண்டு வா, கடையில் புதுசு கேட்டேன், 39 வெள்ளி சொன்னான்.

உன்,
செந்தூல்காரி