விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: ட்ரம்ஸோட சேத்து 30 நிமிஷம் தாங்கோ

மதிப்புக்குரிய விழாக் குழு ஐயாமார், அன்ரிமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும், அத முழுக்கத் திருப்பிச் சொல்ல வரேல்ல. ஆனா நீங்க மேடைப் பக்கம் நிண்டதால படிக்கட்டில நடந்தத கண்டிருக்க மாட்டீங்க, அதால அத மட்டும் சொல்லுறன்.

எங்கட பொம்பிளைப் பிள்ளையள் ரொக் பாண்டில ட்ரம்ஸ் அடிக்கிற தங்கச்சி தெகிவளையில இருந்து ரெண்டு ஓட்டோ பிடிச்சு சாமான் கொண்டு வந்தவ. பெரிய ட்ரம்ம பெட்ஷீட்டால சுத்தி, சிம்பல மடியில வச்சுக்கொண்டு, காலி வீதி ட்ராபிக்குக்குள்ளால, பின்னேர வெயிலில. எல்லாம் இறக்கிப் பூட்டி முடிய, உங்கட ஆக்களில ஒராள் வந்து "பொம்பிளைப் பிள்ளையளுக்கு இந்தச் சத்தமெல்லாம் சரிவராது, கீபோர்ட் இருக்கு, ரெண்டு மெலடி பாடிட்டு இறங்குங்கோ" எண்டு சொல்லிட்டு போயிட்டார். எங்களுக்குப் பிறகு ஏறின பெடியளின்ர பாண்ட் முழு ட்ரம்ஸோட முக்கால் மணித்தியாலம் வாசிச்சவை. அவ்வளவு நேரமும் அவ படிக்கட்டில இருந்து ஸ்டாண்ட் ஸ்க்ரூவ ஒவ்வொண்டா கழட்டி பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டுக்கொண்டு இருந்தா. அழேல்ல. ஒருத்தரோடயும் கதைக்கவும் இல்ல. அந்த ஸ்க்ரூ டின்னுக்குள்ள விழுற சத்தம் எனக்கு இன்னும் காதுக்க நிக்குது.

நாங்க அண்டைக்கு வாசிக்க இருந்தது கேர்ள்ஸ்கூல் எண்ட லண்டன் பாண்டின்ர முதல் அல்பம் டெமோலிஷன்ல இருந்து நாலு பாட்டு. 1980 ஜூன்ல வந்தது. கிம் மெக்கோலிஃப், ஈனிட் வில்லியம்ஸ், கெலி ஜோன்சன், டெனிஸ் டுஃபோர்ட் எண்டு நாலு பேரும் பொம்பிளையள், ட்ரம்ஸ் அடிக்கிறதும் பொம்பிளை தான். அதுக்கு முதல் வருஷம் மோட்டர்ஹெட் எண்ட, சத்தத்துக்குப் பேர் போன ஆம்பிளையளின்ர ரொக் பாண்டோட ஊர் ஊரா டூர் போய் அந்தக் கூட்டத்துக்கு முன்னால வாசிச்சவை, பிறகு அல்பம் இங்கிலாந்து அல்பம் விற்பனைப் பட்டியல்ல 28-வது இடத்துக்கு வந்தது. அத ப்ரொடியூஸ் பண்ணின விக் மைல் தான் அதே வருஷம் மோட்டர்ஹெட்டின்ர ஏஸ் ஒஃப் ஸ்பேட்ஸ் அல்பத்தையும் செய்தவர். ரெண்டு வேலையையும் ஒரே ஆளிட்ட குடுத்திருக்கினம், பொம்பிளையள் எண்டு சத்தத்த குறைக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்ல.

அந்த அல்பத்தில என்ன இருக்கு எண்டு கேட்டா, முதல் பாட்டு தொடங்கினதில இருந்து மூச்சு விட விடாது. ரெண்டு கிற்றாரும் தோளோட தோள் முட்டுற மாதிரி ஓடும், அதுக்கு மேல கெலியின்ர சோலோ வரேக்க தேவையில்லாத ஒரு நோட் இருக்காது. பாடுறதும் ஒராள் மட்டும் இல்ல, மாறி மாறிப் பாடுவினம். கன் எண்ட பாண்டின்ர 1968 பாட்டு ரேஸ் வித் த டெவிலையும் எடுத்து தங்கட பாட்டு மாதிரியே வாசிச்சிருக்கினம். பூசி மெழுகின வேலை இல்ல, நாலு பேர் ஒரு அறைக்குள்ள நிண்டு அடிக்கிற மாதிரி இருக்கும். அதக் கேட்டுத்தான் நாங்க பாண்ட் தொடங்கினது. கெலி 2007ல கான்சரில போயிட்டா, அவவின்ர சோலோவ எங்கட கிற்றார் பிள்ளை விரல் தோல் உரியப் பழகி வச்சிருக்கிறா.

எங்கட றிகர்சல் வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் ஒரு மேல்மாடி அறை. கோச்சி போகேக்க மட்டும் தான் முழுச் சத்தத்தில வாசிப்பம், பக்கத்து வீட்டு ஆக்களுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டு. மூண்டு மாசம் இப்பிடித்தான். கோயில் திருவிழாவில தவில் அடிக்கிற சத்தத்த விடவா எங்கட ட்ரம்ஸ் கூட? பிள்ளையளுக்கு அரங்கேற்றம் எண்டா லட்சக்கணக்கில செலவழிச்சு ஹோல் எடுப்பினம், அதே பிள்ளை கிற்றார தோளில போட்டா "நாளைக்கு ஆர் கலியாணம் கட்டுவினம்" எண்டு கேப்பினம், எங்கட சனத்திட்ட இது எவ்வளவு காலமா இருக்கு, இன்னும் எவ்வளவு காலத்துக்கு? நாலு வீட்டிலயும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத் தான் நாங்க உங்கட மேடைக்கு வந்தனாங்கள், அங்கயும் அதையே கேக்க வேண்டி வந்தது தான் தாங்க ஏலாம இருக்கு.

மன்னிக்கோணும், கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன். கேக்கிறது ஒண்டு தான். அடுத்த நிகழ்ச்சியில ட்ரம்ஸோட, அம்ப்போட 30 நிமிஷம் தாங்கோ. காசு வேண்டாம். சாமான் நாங்களே கொண்டு வருவம், சவுண்ட்காரருக்கு லிஸ்ட் முதலே அனுப்புவம், நேரம் முடிய ஒரு நிமிஷம் கூட நிக்க மாட்டம். ஆனா ட்ரம்ஸ் இல்லாம ஏறச் சொல்லாதேங்கோ.

தயவு செய்து இந்தக் கிழமைக்குள்ள ஒரு பதில் தாங்கோ, ட்ரம்ஸ திருப்பிப் பூட்டுறதா எண்டு தங்கச்சி கேட்டுக்கொண்டு இருக்கிறா.

இப்படிக்கு,
பேஸ் கிற்றார் வாசிக்கிற பிள்ளை, வெள்ளவத்தை